இங்கிலீஷ் புல்வேய்ந்த காட்டேஜ்: கூரைச் சரிவு, கனம், புகைபோக்கி... நந்தி மலைப் பக்கம் கட்டினா நிக்குமா?

காக்ஸ்டவுன்_பிளான்:

வணக்கம். பெங்களூரு பக்கத்து நந்தி மலை அடிவாரத்துல ஒரு பண்ணை நிலத்துக்கு விருந்தினர் வீடு வரைஞ்சுட்டு இருக்கேன். 20 அடிக்கு 45 அடி, தரைத்தளம் மட்டும். நிலத்துக்காரர் காட்டுற படம் இங்கிலாந்துல ஷாட்டரி கிராமத்துல இருக்கிற ஆன் ஹாத்வே காட்டேஜ், ஷேக்ஸ்பியர் மனைவி பிறந்த வீடு. வளைஞ்சு இறங்குற புல் கூரை, வெள்ளைச் சுவர்ல கறுப்பு மரச்சட்டம், செங்கல் புகைபோக்கி, கூரைக்குள்ள புருவம் மாதிரி ஜன்னல். "அச்சு அசலா இதே வேணும், 500 வருஷம் நிக்குற கூரை சார் அது"ங்கறார்.

இப்போதைக்கு நான் போட்டு வச்சிருக்கிறது: 30 டிகிரி சரிவு, எம்.எஸ். பைப் டிரஸ் (இரும்புக் குழாய்ச் சட்டம்), மேல 6 அங்குலம் விழல், ஒழுகாம இருக்க அடியில தார்ப்பாய். சுவர் காங்கிரீட் பிளாக், சிமென்ட் பூச்சு, அதுல கறுப்பு பெயின்ட் அடிச்ச பலகை ஒட்டுறது. ஹால்ல விறகு அடுப்பு. புகைபோக்கி வெறும் ஷோவா இல்லாம வேலை செய்யணுமாம்.

அந்தக் கூரை உண்மையில என்ன புல், எவ்வளவு கனம்? 500 வருஷம்ங்கறது நிஜமா? நம்ம ஊர்க் கீற்று ரெண்டு வருஷத்துல மாத்துறோமே, அவங்களுக்கு மட்டும் எப்படி நிக்குது? நான் போட்டதுல எது தேறும், எது தேறாது?

---

விட்டமும்_தூலமும்:

முதல்ல 30 டிகிரியை அழிச்சிடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

அங்க புல் கூரைன்னா 45 டிகிரிக்குக் கீழ யாரும் போக மாட்டாங்க. 50ஐ ஒட்டித்தான் கட்டுவாங்க. புல்லுல தண்ணியைத் தடுக்கிற படலம் எதுவும் கிடையாது. ஒரு தாளின் நுனியில சொட்டுற துளி அதுக்குக் கீழ இருக்கிற தாளின் நுனிக்குப் போகுது, அப்படியே இறவாணம் வரைக்கும் இறங்குது. நல்ல கூரையில மழை மேல்தோல்ல ஓரிரண்டு அங்குலம்தான் நனைக்கும், அதுக்கு உள்ள காய்ஞ்சே கிடக்கும். இதுல கவனிக்க வேண்டியது, கைமரம் 50 டிகிரியில இருந்தாலும் அதுமேல படுக்கிற தாள் 50ல இருக்காது. கீழ் வரிசையின் கனத்து மேல ஏறிப் படுக்கிறதால அதோட சாய்வு ரொம்பக் குறைஞ்சுடும். நீங்க கைமரத்தையே 30ல வச்சா, தாள் கிட்டத்தட்ட படுத்துடும். அப்ப தண்ணி வெளியே வழியாம தாளைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே நடக்கும். ஒழுகுறதுக்கு முன்னாடியே மக்க ஆரம்பிச்சிடும்.

கனம் 12 அங்குலம், அதாவது 300 மி.மீ. 6 அங்குலத்துல கட்டுக்கம்பிக்கு மேல மூடுறதுக்குப் புல்லே மிஞ்சாது. கட்டு வெளியே தெரிய ஆரம்பிச்சா அந்தக் கூரையோட ஆயுள் முடிஞ்சதுன்னு அங்க கணக்கு.

உங்க அளவுக்கே சொல்றேன். 20 அடி அகலத்துக்கு 50 டிகிரி வச்சா சுவர் தலையிலிருந்து முகடு 12 அடி உயரும்; உங்க வரைபடத்துல இப்ப 6 அடிக்கும் கம்மி. சுத்தி ஒன்றரை அடி இறவாணம் விட்டா கூரைப் பரப்பு 1,700 சதுர அடி, 160 சதுர மீட்டர் மாதிரி வரும். நாணல்ல வேஞ்சா சதுர மீட்டருக்கு 8லேருந்து 10 கட்டு, மொத்தம் 1,300லேருந்து 1,600 கட்டு. எடை சதுர மீட்டருக்கு 35 கிலோன்னு வச்சாலே 5.6 டன், அதுவும் காய்ஞ்ச நிலையில. டிரஸ்ஸை அதுக்குப் போடுங்க.

புல் மூணு வகை. ஒண்ணு நீர் நாணல், தாவரப் பேர் பிராக்மிட்டிஸ் ஆஸ்ட்ராலிஸ். நார்ஃபோக் சதுப்புகள்ல பனி விழுந்து இலை உதிர்ந்தப்புறம் குளிர்காலத்துல அறுப்பாங்க. இன்னைக்கு அங்க வேயற நாணல்ல பெரும்பகுதி துருக்கி, கிழக்கு ஐரோப்பா, சீனான்னு வெளியிலிருந்து இறங்குறதுதான். ரெண்டாவது தென்மேற்கு இங்கிலாந்துல டெவன் பக்கத்துக் கோதுமைத் தாள்: தாளை நசுக்காம சீவி, அடி எல்லாம் ஒரே பக்கம் வர்ற மாதிரி கட்டினது. மூணாவது நீள வைக்கோல், போரடிச்சுக் கலைஞ்சது. நனைச்சு, கையால இழுத்து நேராக்கி, கதிரும் அடியும் கலந்தபடியே வேயறது. நாணல் நல்லா அமைஞ்சா 40 வருஷம் தாண்டும், சீவின கோதுமைத் தாள் 25–35, நீள வைக்கோல் 15–25. எதுவா இருந்தாலும் முகட்டை மட்டும் 10–15 வருஷத்துக்கு ஒரு தரம் புதுசாக் கட்டியே ஆகணும்.

வேயறது இறவாணத்துலேருந்து மேல. நாணல் கட்டோட அடிப்பக்கம் வெளியே தெரியும்படி வரிசையாப் படுக்க வச்சு, குறுக்கே ஒரு ஹேசல் (வளையக்கூடிய ஒரு குறுமரம்) கழியோ இரும்புக் கம்பியோ போட்டு, கைமரத்துல அடிச்ச கொக்கியால இறுக்குவாங்க. அப்புறம் வரிவரியாப் பள்ளம் வெட்டின ஒரு பலகையால தாள் அடியைத் தட்டித் தட்டி மேல ஏத்துவாங்க. அந்த வழவழப்பான முகம் கத்தியால வெட்டினதில்லை, தட்டி வந்தது. வைக்கோல்ல மட்டும்தான் இறவாண ஓரத்தைக் கத்தியால நறுக்குறது.

பழைய கூரை மேல புதுசு ஏத்தும்போது ஹேசல் ஊசி. ரெண்டடி நீளப் பிளாச்சு, ரெண்டு முனையும் சீவினது, நடுவுல திருகி மடக்கினா கொண்டை ஊசி மாதிரி ஆகும். அதைக் குத்தும்போது முனை கொஞ்சம் மேல்நோக்கிப் போகணும். கீழ்நோக்கிக் குத்தினா ஒவ்வொரு ஊசியும் ஒரு தண்ணிக் குழாய். நம்ம மூங்கில் பிளாச்சை இப்படித் திருக முடியாது, நார் பிரிஞ்சிடும். இங்க கம்பியோ தேங்காய் நார்க் கயிறோ போட்டு வரிச்சோட சேர்த்துத் தைக்கிறதுதான் வழி.

தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். புல் கீழ்ப்பக்கமும் மூச்சு விடணும். தார்ப்பாய் மேல ஒட்டிப் படுத்த புல் அடியிலிருந்து அழுகும், மேலேருந்து பாத்தா தெரியாது.

---

பழைய_மோடு:

வேலை முறையை மேலே சொல்லிவிட்டார்கள். 500 வருடக் கதைக்கு வருகிறேன்.

ஆன் ஹாத்வே வீட்டின் மிகப் பழைய பகுதி 1463ல் கட்டியது. அது சட்டகத்தின் வயது, மேலே இருக்கும் புல்லின் வயதல்ல. அந்தப் புல் எத்தனையோ முறை மாற்றப்பட்டிருக்கிறது. 1969ல் தீப்பிடித்துப் பழுதுபார்த்தும் இருக்கிறார்கள். இன்னொன்று, அது 'காட்டேஜ்' என்று பெயர் பெற்றதே பின்னாளில்தான். உண்மையில் 12 அறை கொண்ட, வசதியான விவசாயியின் பண்ணை வீடு. ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை 1892ல் வாங்கும்வரை அந்தக் குடும்பத்து வழியினர் அங்கே இருந்தார்கள். இங்கிலாந்தில் தப்பிப் பிழைத்த பழைய காட்டேஜ்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். கூலியாட்களின் ஓரறைக் குடிசைகள் அந்தக் காலத்திலேயே மண்ணோடு மண்ணாகிவிட்டன.

பழைய பகுதியின் எலும்புக்கூட்டை உங்கள் நிலத்துக்காரருக்கு வரைந்து காட்டுங்கள், வளைவு எங்கிருந்து வந்தது என்று புரியும். வளைந்து வளர்ந்த ஒரு ஓக் மரத்தை நெட்டுவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரு பாதியையும் எதிரெதிரே நிறுத்தி, உச்சியில் சேர்ப்பார்கள். தரைக்கு அருகிலிருந்து முகடு வரை ஒரே தண்டு. பாரம் முழுக்க அதன் வழியே இறங்குவதால் சுவருக்குச் சுமை கிடையாது. சுவர் வெறும் அடைப்பு. ஓக்கைக் காயவைக்காமல் பச்சையாகவே இழைத்து, மர ஆணி அடித்து மூட்டுவார்கள். பிறகு அது காயும்போது முறுக்கிக்கொள்ளும். படத்தில் தெரியும் கோணல்மாணல் பாதி அதனால் வந்தது. யாரும் அழகுக்காக வளைக்கவில்லை.

புகைபோக்கியும் அதேபோல் பின்னால் வந்ததுதான். 1400களில் இப்படிப்பட்ட வீட்டின் நடுக்கூடம் கூரை வரை திறந்தே இருக்கும். தரை நடுவில் அடுப்பு, புகை புல்லுக்குள் நுழைந்து முகட்டு ஓட்டை வழியாகவோ பக்கவாட்டு முக்கோணம் வழியாகவோ வெளியேறும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் செங்கல் புகைபோக்கியை உள்ளே நுழைத்து, புகை ஒழிந்ததும் குறுக்கே மரத்தளம் போட்டு மாடி எடுத்தார்கள். ஒரு வீடு முதலில் திறந்த கூடமாக இருந்ததா என்று பார்க்க நிபுணர்கள் பரணுக்குள் ஏறிக் கைமரத்தைப் பார்ப்பார்கள். தடித்த புகைக்கரி படிந்திருந்தால் ஆம். டெவன் போன்ற இடங்களில் பழைய புல்லை முழுக்கப் பிரிக்காமல் மேலே மேலே வேய்ந்துகொண்டே போனதால், அடியடுக்கில் இடைக்காலத்துக் கரி படிந்த புல் இன்றும் இருக்கிறது. அதில் அன்றைய கோதுமை, ரை கதிர்களும் வயல் களைகளும்கூட அப்படியே கிடைக்கின்றன. உங்கள் ஆள் சொல்லும் 500 வருடப் புல் உண்மையில் இருக்கிறது என்றால், அது இதுதான்: நனையாமல், தொடப்படாமல், அடியில் கிடப்பது.

இந்த வைக்கோல் வரலாற்றில் சுவாரசியமான ஒரு திருப்பம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கம்பைன் இயந்திரம் வந்து தாளை நொறுக்கியது. குட்டை ரகக் கோதுமை வந்தது. நைட்ரஜன் உரம் தாளை வளர்த்தது, ஆனால் பலவீனமாக்கியது. வேய்வதற்கு ஏற்ற தாளே அருகிப்போனது. இன்றும் கூரைக்கென்று மாரிஸ் விட்ஜன் போன்ற நெட்டை ரகத்தைத் தனியாக விதைத்து, லேசாகப் பச்சை இருக்கும்போதே பழைய அறுவடைக் கருவியால் வெட்டிக் கட்டு கட்டுகிறார்கள். நம் பக்கம் குட்டை நெல் வந்த பிறகு கூரைக்கு நீள வைக்கோல் கிடைக்காமல் போனதும் இதே கணக்குத்தான்.

கறுப்பு வெள்ளை பற்றி: அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு ரசனை. அதற்கு முன் ஓக்கைச் சும்மா விட்டு வெள்ளிச் சாம்பல் நிறமாக்குவார்கள், அல்லது மரமும் மண்ணும் சேர்த்து எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடிப்பார்கள். கறுப்பு பெயின்ட் பலகை ஒட்டினால் அது விக்டோரியா காலத்தின் நகலுக்கு நகல்.

புருவ ஜன்னலும் புல் கூரையும் கொண்ட 'படக் காட்டேஜ்' என்பதே பணக்காரர்கள் திட்டமிட்டுக் கட்டியது. பிரிஸ்டல் அருகே பிளேஸ் ஹாம்லெட் என்ற இடத்தில் 1811ஐ ஒட்டி ஜான் நாஷ் 9 வீடுகள் வரைந்தார், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. எஸ்டேட்டில் ஓய்வுபெற்ற பணியாளர்களுக்காக ஹார்ஃபோர்ட் என்ற வங்கிக்காரர் கட்டினார். உங்களுக்கு நகலெடுக்க ஏற்றது ஷாட்டரி அல்ல, இதுதான். ஒரே குடும்பம், சின்ன அளவு, எல்லாமே ஆரம்பத்திலேயே வரைபடத்தில் இருந்தது.

---

சுண்ணாம்புக்_கரண்டி:

சுவர் பத்தி யாரும் தொடலை, நான் சொல்றேன்.

மரச்சட்ட வீட்டுல இடைவெளியை அடைக்கிறது இப்படி: செங்குத்தா ஓக் குச்சி, அதுல ஹேசல் மிலாறைக் கூடை மாதிரி பின்னி, ரெண்டு பக்கமும் களிமண், சாணி, வெட்டின வைக்கோல் பிசைஞ்சு அப்புறது. மேல சுண்ணாம்பு. நம்ம ஊர்த் தட்டிச் சுவர்க்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. டெவன்ல சட்டமே இல்லாம மண் சுவர்: மண்ணும் வைக்கோலும் மிதிச்சு, 2 அடி கனத்துல, ஒரு வரிசை காய்ஞ்சப்புறம் அடுத்த வரிசை. அடியில கல் பீடம் கட்டாயம். அந்தச் சுவருக்கு நல்ல பூட்ஸும் நல்ல தொப்பியும் போதும்னு அவங்க ஊர்ச் சொலவடை. பூட்ஸ் கல் பீடம், தொப்பி புல் கூரை.

அங்க இந்தச் சுவரெல்லாம் விழுந்தது பெரும்பாலும் சிமென்டாலதான். கடந்த நூற்றாண்டுல "பாதுகாப்பா இருக்கட்டும்"னு சிமென்ட் பூசினாங்க. மண் சுவர் லேசா அசையும், சிமென்ட் அசையாது, மயிரிழை வெடிப்பு விடும். மழைத்தண்ணி வெடிப்புல இறங்கும், ஆனா திரும்ப ஆவியாகி வெளியே வர முடியாது. ஈரம் அடியில சேர்ந்து, ஒருநாள் சுவரோட கால் சேறாகி வயிறு தள்ளும். பூச்சு கடைசி வரைக்கும் பளிச்சுன்னே இருக்கும், அதான் ஆபத்து.

உங்க காங்கிரீட் பிளாக்குக்கு இந்தப் பிரச்சனை வராது. ஆனா அதுல அந்தச் சுவரோட முகம் வராது. பெங்களூருல மண் கல்லுக்குப் பஞ்சமா? 1974லேயே இந்திய அறிவியல் கழகத்துல (ஐ.ஐ.எஸ்.சி.) ஆஸ்ட்ராங்கற கிராமத் தொழில்நுட்பப் பிரிவு ஆரம்பிச்சு அழுத்தின மண் கல் வேலையை வளர்த்த ஊர் இது. 9 அங்குல மண் கல், ஒன்றரை அடி சாதரஹள்ளி கிரானைட் கல் பீடம், வெளியே சுண்ணாம்புப் பூச்சு, மேல மூணு நாலு கோட் சுண்ணாம்புத் தண்ணி. பிளாஸ்டிக் எமல்ஷன் மட்டும் அடிக்காதீங்க.

---

காக்ஸ்டவுன்_பிளான்:

எல்லாருக்கும் நன்றி, வரைபடத்தைத் திரும்ப ஆரம்பிக்கிறேன். ரெண்டு விஷயம் பாக்கி. விறகு அடுப்பை விடவே மாட்டேங்கறார். புருவ ஜன்னலும் வேணுமாம்.

---

தீக்குச்சி_தள்ளி:

விறகு அடுப்புக்கு நேரடி பதில்: வேண்டாம். பிடிவாதம் பிடிச்சா அங்க என்ன விதி சொல்றாங்கன்னு காட்டுங்க.

புகைபோக்கி வாய் முகட்டுக்கு மேல 1.8 மீட்டராவது இருக்கணும். பழைய வீடுகள்ல பழைய புல்லைப் பிரிக்காமலே புதுசு ஏத்த ஏத்த முகடு உயரும், புகைபோக்கி அப்படியே இருக்கும், உயர வித்தியாசம் சுருங்கிப்போகும். இன்னொரு பக்கம், நாலரை அங்குல ஒற்றைச் செங்கல் சுவர் மூணு நாலு அடிப் புல்லுக்குள்ள புதைஞ்சு நிக்கும். அதுல திறந்த அடுப்பு எரிஞ்ச வரைக்கும் புகை மிதமான சூடுதான். மூடின இரும்பு அடுப்பு வச்சப்புறம் குழாயில போற காத்து ரொம்பச் சூடு. செங்கல் இடுக்குல சாந்து உதிர்ந்திருந்தா சொல்லவே வேண்டாம். ஈர விறகு போட்டா கீல் படியும், அந்தக் கீல் ஒருநாள் குழாய்க்குள்ளேயே பத்திக்கும். அதனாலதான் 20 சதவீதத்துக்கு மேல ஈரம் இருக்கிற விறகு கூடாது, வருஷத்துக்கு ரெண்டு தரம் குழாய் சுத்தம் பண்ணணும்னு சொல்றாங்க. வாயில பொறிவலை மாட்டுறது புத்திசாலித்தனமாத் தெரியும், ஆனா வலையில கீல் அடைச்சு அதுவே வினையாகும்.

புல் கூரைத் தீ அங்க ரொம்பப் பழைய பயம். லண்டன்ல 1212லேயே புல் வேயத் தடை வந்துடுச்சு. 1613ல ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கு எரிஞ்சது, மேடையில சுட்ட பீரங்கிப் பொறி கூரையில விழுந்து. 1997ல திறந்த புது குளோப்தான் 1666 பெருந்தீக்கு அப்புறம் லண்டன்ல அனுமதி வாங்கின முதல் புல் கூரை. முகட்டுல தண்ணி தெளிப்பான் வச்சிருக்காங்க. புதுசாக் கட்டுற புல் வீட்டுக்கு டார்செட் முறைன்னு ஒண்ணு உண்டு: கைமரத்துக்கு மேல அரைமணி நேரம் தீ தாங்குற பலகை, காத்தோட்டத்துக்கு இடைவெளி, அப்புறம் வரிச்சு, அதுமேல புல். கூரை போனாலும் ஆள் வெளியேற நேரம் கிடைக்கும். இதை உங்க வரைபடத்துல கண்டிப்பா சேருங்க.

நம்ம ஊர்ல அடுப்பை விட தீபாவளி ராக்கெட்தான் கவலை. முகட்டுல தண்ணிக் குழாய், கையெட்டுற தூரத்துல தொட்டி, கூரைக்குள்ள ஒயர் எல்லாம் இரும்புக் குழாய்க்குள்ள. சீலிங்குக்குள்ள புதைக்கிற விளக்கு கிட்டவே வரக்கூடாது.

---

விட்டமும்_தூலமும்:

புருவ ஜன்னலுக்கு: அது மேல ஏறி இறங்குற புல்லோட சரிவு எப்பவும் பிரதான கூரையை விடக் குறைவா இருக்கும். அதனால பிரதான கூரையை 53–55க்கு ஏத்தினாத்தான் ஜன்னல் தலையில 45க்குக் குறையாம பாத்துக்கலாம். அது கிடைக்கலைன்னா ஜன்னலை விட்டுடுங்க. ரெண்டு கூரை சேர்ற பள்ளமும் புகைபோக்கிக்குப் பின்பக்கமும்தான் முதல்ல மக்கும். அங்க புல்லைக் கூட்டிப் போட்டுப் பள்ளத்தை அகலமா, தட்டையா வளைச்சு எடுக்கணும்.

முகட்டுக்கு நாணல் ஆகாது, விறைப்பா இருக்கும், மடங்காது. அங்க கோரை இனத்துல செட்ஜ்னு ஒண்ணை மடிச்சுப் போடுவாங்க. இங்க கோரையோ நீள விழலோ ஓடும்.

---

அல்சூர்_ஓடு:

ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு பாடு எதுக்கு? பெங்களூருக்கே சொந்தமா ஒரு இங்கிலீஷ் காட்டேஜ் இருக்கே. கன்டோன்மென்ட் பங்களா: செங்குத்தான முக்கோண முகப்பு, செதுக்கின ஓரப்பலகை, ஜன்னல் மேல மங்கி டாப்னு சொல்ற கூரான மர மறைப்பு. அதுவும் மேல சொன்ன பிளேஸ் ஹாம்லெட் ரசனையோட பேரப்பிள்ளைதான். 1865ல பாசல் மிஷன்ங்கற சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பு மங்களூருல ஓட்டுத் தொழிற்சாலை வச்சப்புறம் இங்க புல்லுக்குத் தேவையே இல்லாமப் போச்சு. ஓடு 30 டிகிரியில நிக்கும், கரையான் தின்னாது, உங்க டிரஸ்ஸும் வீணாகாது.

---

பழைய_மோடு:

நியாயமான யோசனை, நானாக இருந்தால் அதைத்தான் கட்டுவேன். ஆனால் அவர் கேட்டது புல். பெங்களூரு மழை வருடத்துக்கு 970 மி.மீ. அளவு, டெவனோடு ஒப்பிடக் கூடியதுதான். அங்கே அது தூறலாக வருடம் முழுக்க. இங்கே செப்டம்பரில் மாலை இடியுடன் கொட்டிவிட்டு மறுநாள் வெயில். காய நேரம் கிடைப்பது புல்லுக்கு நல்லது. காற்றோடு அடிக்கும் சாரல் நல்லதல்ல, அதனால் இறவாணத்தை இரண்டடியாக்குங்கள். மரம் மேலே கவியக் கூடாது: நிழல் விழுந்த பக்கம் பாசி பிடித்து முதலில் போகும். எத்தனை வருடம் என்று அவருக்கு அங்குள்ள கணக்கைச் சொல்லிவிடாதீர்கள். விழல் நாணல் இல்லை. மேலடுக்கு ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை என்றே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கரையானுக்கு, சுவர் தலையில் தகரத் தட்டு விரித்து அதன் மேல் உத்திரம். மூங்கிலையும் மரத்தையும் போராக்ஸ்-போரிக் அமிலக் கரைசலில் ஊறவைக்கலாம். வெளியே நனையும் புல்லில் அது மழையோடு போய்விடும், செலவு வீண்.

---

காக்ஸ்டவுன்_பிளான்:

52 டிகிரி, 12 அங்குலம், மண் கல், சுண்ணாம்பு, தீப்பலகை. புருவ ஜன்னல் இல்லை. அடுப்புக்குப் பதிலா வெறும் புகைபோக்கி, அது முகட்டுக்கு மேல தெரிஞ்சாப் போதும்னு ஒத்துக்க வைக்கப் பாக்கறேன். கடைசியா ஒண்ணு: இறவாணத்துல தண்ணித் தகடு எப்படி மாட்டுறது?

---

சுண்ணாம்புக்_கரண்டி:

மாட்டக்கூடாது. 12 அங்குலக் கனத்துல சொட்டு எந்த இடத்துல விழும்னு ஒரே கோடா இருக்காது, தகடும் சருகால அடைஞ்சுக்கும். சும்மா கீழ விழட்டும். விழற கோட்டுக்கு நேரா 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டி, அடியில ஓட்டைக் குழாய், மேல 40 மி.மீ. ஜல்லி நிரப்பி, தரைச் சரிவை வீட்டை விட்டு வெளியே காட்டுங்க. ஜல்லி இல்லாட்டி செம்மண் தெறிச்சு ஒரே மழையில சுண்ணாம்புச் சுவரோட காலை முழங்கால் உயரத்துக்குச் சிவப்பாக்கிடும். நந்தி பக்கத்து மண்ணுக்கு இது நிச்சயம்.